பொய்யுரை திறந்த கதவு

அமெரிக்காவில் ஒரு வீட்டின் கதவைக் காவலர்கள் தட்டுகின்றனர். கையில் நீதிபதி கையொப்பமிட்ட சோதனை ஆணை. அதன் அடிப்படையோ ஒருவர் கொடுத்த பொய்த் துப்பு! அவ்வீட்டாருக்குப் பரிகாரம் உண்டா?

உண்டு. ஆயினும் வாசற்படியில் அன்று; நீதிமன்றத்தில்!

டெலவேர் மாநிலத்தில் காவலர்கள், ஃபிராங்க்ஸ் என்பவரின் பணியிடத்தைச் சேர்ந்த இருவரிடம் தாங்களே பேசியதாகப் பிரமாணப் பத்திரத்தில் எழுதி, சோதனை ஆணை பெற்றனர். அது பொய்யென நிறுவ அவர் வாய்ப்புக் கேட்டார். மாநில நீதிமன்றங்கள் மறுத்தன. 1978இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்ற பெரும்பான்மையில் அவ்வாய்ப்பை வழங்கியது.

எனினும் ஒரு நுட்பத்தை மறந்துவிடலாகாது. துப்புக் கொடுத்தவர் பொய் சொன்னார் என்பது மட்டும் போதாது. பொய்யென அறிந்தோ, உண்மையைப் பற்றிச் சிறிதும் கவலையின்றியோ, சத்தியம் செய்த அதிகாரியே அதனை எழுதியிருக்க வேண்டும். எந்த வாசகம் பொய் என்று சுட்டி, சாட்சிகளின் எழுத்துமூல வாக்குமூலங்களையும் இணைத்தல் வேண்டும். வெறும் மறுப்பு செல்லாது.

பொய் நிரூபணமானால் அப்பகுதி நீக்கப்படும். எஞ்சியவை ஆணைக்குப் போதுமெனில் ஆணை நிலைக்கும். போதாதெனில் ஆணை வீழும், கைப்பற்றிய சான்றுகளும் விலக்கப்படும்.

ஆகவே, அன்பர்களே! அநீதிக்குள்ளானவருக்கு ஆத்திரம் துணையாகாது. பிரமாணப் பத்திரத்தின் நகலும், நேர்மையான சாட்சிகளும், தேர்ந்த வழக்குரைஞருமே துணை.