பாம்பின் வாயை நோக்கித் தப்பியோடும் மீன்

குளத்தில் கல் விழுந்ததும் மீன்கள் சிதறுகின்றனவே, அதைத் தொடங்கிவைப்பவை மூளைத்தண்டில் இருக்கும் இரண்டு பெரிய நரம்புச் செல்கள். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. 1859-இல் இவற்றை விவரித்த லுட்விக் மவுத்னரின் பெயரால் மவுத்னர் செல்கள் எனப்படுகின்றன.

காதிலிருந்து வரும் நரம்பிழைகள் நேராக இந்தச் செல்லின் மேலேயே முடிகின்றன. இடப்பக்கம் அதிர்வு எழுந்தால் இடச்செல் ஒரே ஒரு முறை துடிக்கும். அதன் இழை மறுபக்கம் கடந்து தண்டுவடம் நெடுக ஓடுகிறது. வலப்பக்கத் தசைகள் மொத்தமாகச் சுருங்க, மீன் வில்லாக வளைந்து ஆபத்துக்கு முதுகு காட்டுகிறது. அதே கணத்தில் வலச்செல் அடக்கப்படும். இரண்டும் சேர்ந்து துடித்தால் மீன் எந்தப் பக்கமும் போகாதே! அதிர்வு எட்டியதிலிருந்து உடல் வளையத் தொடங்க நொடியில் நூறில் ஒரு பங்கு போதும். பொரித்துச் சில நாளே ஆன வரிக்குதிரை மீன் குஞ்சும் இதைச் செய்யும். யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

இவ்வளவு கச்சிதமான ஏற்பாட்டில் ஓர் ஓட்டை இருக்கிறது. தென்கிழக்கு ஆசிய நன்னீரில், முகத்தில் இரண்டு தசை நீட்சிகள் கொண்ட பாம்பு ஒன்று வாழ்கிறது. உடலைக் கொக்கிபோல் வளைத்து அசையாமல் கிடக்கும். மீன் அந்த வளைவுக்குள் வந்ததும் தலையால் தாக்காது. முதலில் உடலின் நடுப்பகுதியைச் சற்றே சிலிர்க்கும். அதிர்வு உடல் பக்கத்திலிருந்து வருவதால் மீன் எதிர்ப்பக்கம் திரும்பி ஓடும். அங்கேதான் வாய் காத்திருக்கிறது. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் கென்னத் கட்டானியா அதிவேகக் கேமராவில் படம்பிடித்து, 2009-இல் இதை வெளியிட்டார். சில மீன்கள் நேராக வாய்க்குள்ளேயே பாய்ந்திருந்தன.

மீன் ஏன் இன்னும் திருந்தவில்லை? அதன் பகைவர்களில் பெரும்பாலோர் தாக்க வரும் திசையிலிருந்தே அதிர்வை எழுப்புகிறார்கள். அவர்களிடமிருந்து தப்ப இந்தச் செல்களின் அவசரம்தான் கைகொடுக்கிறது. எப்போதோ எதிர்ப்படும் ஒரு பாம்புக்காக, நின்று யோசிக்கும் மூளையை வளர்த்துக்கொண்டால் மற்ற எல்லாருக்கும் மீன் இரையாகும். என் கணக்கில் மீனின் பேரம் நியாயமானதே.

பாம்பின் தந்திரம் அனுபவத்தில் வந்ததோ என்ற ஐயமும் எழும். மீன் பாம்பின் தலைக்குக் குறுக்காக நின்றால் வாயை நோக்கி வராது, பக்கவாட்டில் நழுவும். அப்போது வளர்ந்த பாம்பு, மீன் இருக்கும் இடத்தை விட்டு அதன் தலை வந்து சேரப்போகும் இடத்தைக் கொத்துகிறது. ஆய்வகத்திலேயே பிறந்து, மீன் வேட்டையே அறியாத குட்டிகளைக் கட்டானியா சோதித்தார். மீனைப் பிடித்தோ தவறவிட்டோ குட்டிகள் எதையும் கற்றுக்கொள்ள முடியாதபடி மீன்களை மெல்லிய தடுப்புக்கு அடியில் விட்டார். குட்டிகளும் மீன் இல்லாத அந்த இடத்தைத்தான் கொத்தின.