படலையடியில் வந்து நிற்கும் பரிசோதகர்

ஊக்கமருந்து என்றவுடன் ஊசியையும் குளிசையையும் மாத்திரமே மனத்திற் கொள்ளும் நம்மவர்க்கு, உடலில் ஒரு துளி மருந்துமில்லாத துவிச்சக்கரவண்டி வீரன் ஒருவன், குறித்த நேரத்திற் குறித்த இடத்தில் இல்லாமற்போன காரணத்தால் 2 ஆண்டுகள் போட்டிகளினின்றும் விலக்கப்படலாம் என்பது விசித்திரமாகவே தோன்றும். ஆயினும் உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதிகளின் நிலை அதுவே. பரிசோதனைக்கென விசேஷமாகப் பதிவு செய்யப்பட்ட முன்னணி வீரர்கள், 3 மாதத்துக்கொருமுறை தாம் உறங்கும் விலாசத்தையும் பயிற்சி செய்யும் இடத்தையும் முன்கூட்டியே அறிவித்து, ஒவ்வொரு நாளும் காலை 5 மணிக்கும் இரவு 11 மணிக்கும் இடையில் 60 நிமிஷத்தைத் தாமே தெரிந்து, அந்நேரத்தில் எங்கே காணப்படுவர் என்பதையும் குறித்துக் கொடுத்தல் வேண்டும். அங்கே காணப்படாமை ஒரு தவறு. விவரத்தைக் கொடாமையும் பிழைபடக் கொடுத்தலும் மற்றொரு தவறு. இவற்றுள் எவையாயினும் 12 மாதத்துள் 3 சேர்ந்துவிட்டால் அது விதிமீறலாகும். வீரரின் கவனயீனம் எத்தகையது என்பதை நோக்கித் தண்டனை 1 ஆண்டுவரை குறைக்கப்படலாம்.

இத்துணைக் கடுமை எதற்கு என்று வினவுவோர் 2007ஆம் ஆண்டின் பிரான்ஸ் சுற்றுத் துவிச்சக்கரவண்டிப் போட்டியை நினைவு கூர்க. மஞ்சட் சட்டை அணிந்து முதலிடத்திலிருந்த டென்மார்க் வீரர் மைக்கேல் ராஸ்முசன், மெக்சிக்கோவில் இருந்ததாகத் தாம் சொன்ன காலத்தில் இத்தாலியிற் காணப்பட்டார் என்ற செய்தி வெளிவர, அவருடைய சொந்தக் குழுவே அவரைப் போட்டியினின்றும் விலக்கியது. பல்லாண்டு ஊக்கமருந்து உட்கொண்டமையை 2013இல் அவரே ஒப்புக்கொண்டார்.

ஆனால் எல்லாத் தவறலும் கள்ளமன்று என்பதற்கு, பிரித்தானிய வீராங்கனை லிசி ஆர்மிட்ஸ்ரெட்டின் வழக்குச் சான்றாகும். 2015 ஆகஸ்டில் சுவீடனில் ஒரு போட்டிக்காகத் தாம் அறிவித்த விடுதியிலேயே அவர் இருந்தார். பரிசோதகரோ, வரவேற்பாளர் அறை எண்ணைக் கொடுக்க மறுத்தபின் கைத்தொலைபேசியில் அழைத்துப் பார்த்து, சத்தம் அடக்கப்பட்டிருந்த அது பதில் தராமையால் தவறல் என எழுதிப் போனார். அவ்வாண்டு ஒக்ரோபரில் விவரம் கொடுத்ததிற் பிழையும், அடுத்த ஜூனில், குடும்பத்தில் நேர்ந்த அவசரத்தால் திட்டம் மாறியபோது இன்னொரு தவறலும் சேர, மூன்றாயின. 2016 ஜூலையில் விளையாட்டு நடுவர் மன்றம், பரிசோதகர் உரிய நடைமுறையைக் கைக்கொள்ளவில்லை, வீராங்கனையிடம் கவனயீனமில்லை என்று முதலாவதை நீக்கியதனாலேயே அவர் ரியோ ஒலிம்பிக்கிற் பங்குபற்றி 5ஆம் இடம் பெற்றார். கடமை இரு தரப்புக்கும் உண்டு என்பதை இவ்வழக்குக் காட்டுகிறது. வீரரைக் கண்டுபிடிக்க அந்த இடத்துக்கேற்ற நியாயமான முயற்சியைப் பரிசோதகர் செய்தல் வேண்டும். ஆகவே தவறல் பற்றிய முதலாவது அறிவித்தல் வந்தபோதே, ஒன்றுதானே என்று மேசை இழுப்பறையில் இட்டுவிடாமல், குறித்த தவணைக்குள் எழுத்திற் பதிலிறுத்து, அது நிராகரிக்கப்பட்டால் மீளாய்வு கோருதலே விவேகம்.

யாழ்ப்பாணத்துக்கு இவ்விஷயம் பிரத்தியேகமான ஒரு சங்கடத்தைத் தருகிறது. கதியால் வேலியும் தகர மதிலும் மறைத்த, ஒழுங்கைக்குள் ஒழுங்கையாகச் செல்லும் நம் வளவுகளுக்கு ஊரின் பெயரும் குடும்பப் பெயருமே விலாசமாக நிலவுதலின், கொழும்பிலிருந்து வரும் ஒருவர் படலையைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. நாய் வேறு நிற்கும். அறிவித்த விலாசம் தேடிவரப் போதுமானதாயிராவிடின் பழி வீரர்மேலேயே விழும். எனவே சந்தி, கோயில், படலையின் நிறம் ஆகியவற்றையும் எழுதுக. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் பெரியம்மா வீட்டில் உறங்குவதாயின், அதையும் முன்னரே மாற்றி அறிவிக்க வேண்டும். விடியலில் ஆனையிறவுவரை உழக்கித் திரும்பும் பிள்ளை, புறப்படுமுன்னான நேரத்தையே தெரிந்துகொள்ளலாம்.

முன்சொன்ன பரிசோதனைப் பதிவில் இல்லாதவரும் விதிகளுக்குட்பட்டிருப்பின் போட்டியிலும் வெளியிலும் சோதிக்கப்படலாம். அப்போது, வந்தவரின் அடையாள அட்டையைப் பார்க்கவும், துணைக்கொருவரை வைத்துக்கொள்ளவும், முத்திரையிட்ட உபகரணத்தைத் தாமே தெரிவு செய்யவும், ஆட்சேபத்தைப் படிவத்தில் எழுதிப் பிரதி பெறவும் உரிமையுண்டு. மொழிபெயர்ப்பாளர் கிடைக்குமிடத்து அவரையும் கோரலாம். விளங்காத படிவத்திற் கையொப்பமிடும் நம் வழக்கம் இங்கே மிகவும் ஆபத்தானது. ஆனால், ஆத்திரத்தில் மாதிரி தர மறுத்தல் கூடாது. அதற்கு 4 ஆண்டுவரை தடையுண்டு.

மருந்து விஷயத்திலும் அப்பாவிகள் அகப்படுவதுண்டு. 2011 உலகக் கிண்ணக் கிரிக்கெட்டின்போது இலங்கை வீரர் உபுல் தரங்கவின் மாதிரியிற் கண்ட பிரெட்னிசோலோன் என்ற தடைமருந்து, நாட்பட்ட தோள்நோவுக்கு அவர் உட்கொண்ட மூலிகை மருந்து வழியாக வந்தது. ஆட்டத்திறனை உயர்த்தும் எண்ணம் அவருக்கில்லை என்று ஏற்ற பின்னரும் சர்வதேச கிரிக்கெட் பேரவை 3 மாதத் தடை விதித்தது. பரியாரியார் தரும் தூளில் என்னென்ன கலந்திருக்கிறதென்று கேட்பது அவரை அவமதிப்பதாகாது. வைத்தியத்துக்கு அவசியமான தடைமருந்தாயின், 2013ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்கும் இலங்கை ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகத்திடம், வைத்தியரின் அறிக்கையோடு விதிவிலக்குக்கு விண்ணப்பிக்கலாம்.

ஆய்வுகூடமும் பிழைக்கு அப்பாற்பட்டதன்று. 2015 இறுதியிற் குற்றஞ்சாட்டப்பட்டு நியூசிலாந்திலிருந்து திருப்பியழைக்கப்பட்ட இலங்கைக் கிரிக்கெட் வீரர் குசல் பெரேரா, கட்டார் ஆய்வுகூடத்தின் முடிவு மீளப்பெறப்பட்டமையால் 2016 மே மாதத்தில் விடுவிக்கப்பட்டார். சோதனையின்போது ஒதுக்கிவைத்த இரண்டாவது மாதிரியையும் ஆராயுமாறு கேட்கவும், அதைத் திறக்கும்போது தாமோ தம் பிரதிநிதியோ உடனிருக்கவும் வீரர்க்கு உரிமையுண்டு. தேசியமட்ட வீரர் உள்நாட்டு மேன்முறையீட்டுக் குழுவுக்கும், சர்வதேசமட்டத்தவர் சுவிற்சர்லாந்தின் லோசானிலுள்ள விளையாட்டு நடுவர் மன்றத்துக்கும் செல்லலாம். அங்கே தவணை பொதுவில் 21 நாள். தீர்ப்புக் கைக்குக் கிடைத்த நாளிலிருந்தே அது எண்ணப்படுவதால், வந்த கடிதத்தின் உறையையும் எறியாது வைத்திருக்க வேண்டும்.