கடிகாரம் மாறலாம், குழந்தையின் பசி மாறாது

கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளிநாடு போக வேண்டிய நிலை இன்று பல குடும்பங்களில் ஏற்படுகிறது. சென்னையில் திருமணம், லண்டனில் மேற்படிப்பு, மெல்பர்னில் குடியேறிய அக்காள் வீடு என்று காரணங்கள் பல. பெட்டி கட்டும்போதே தாய்க்கு ஒரு கவலை வந்துவிடுகிறது. இங்கே இரவு என்றால் அங்கே பகல். எந்த நேரத்தில் பால் கொடுப்பது? அலைச்சலில் பால் வற்றிப் போனால் என்ன செய்வது? இந்தக் கவலையினால் பயணத்துக்கு முன்பே குழந்தையைப் பால்மாவுக்குப் பழக்கும் தாய்மார்களும் உண்டு. அதற்குத் தேவை இல்லை என்பதை இந்த உரையில் விளக்க விரும்புகிறேன்.

உடலுக்குள் ஒரு கடிகாரம்

நம் மூளையின் அடிப்பகுதியில் ஒரு சிறிய நரம்பணுக் கூட்டம் இருக்கிறது. கண்ணில் படும் வெளிச்சத்தை வைத்துப் பகல் எது, இரவு எது என்று உடலுக்கு அறிவிப்பது இதன் வேலை. இதையே உடற்கடிகாரம் என்கிறோம். உடலின் உயிரணுக்கள் இப்படி நேரம் பார்க்கும் விதத்தைக் கண்டறிந்த மூன்று அமெரிக்க அறிஞர்களுக்கு 2017ஆம் ஆண்டில் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

கோலாலம்பூரிலிருந்து புறப்படும் விமானம் ஏறக்குறைய 14 மணி நேரத்தில் நம்மை லண்டனில் இறக்கிவிடும். உடற்கடிகாரம் அவ்வளவு வேகமாக மாறாது. ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மணி நேரம்தான் அது நகரும். குளிர்காலத்தில் லண்டன் நம்மைவிட 8 மணி நேரம் பின்தங்கியது; கோடையில் 7 மணி நேரம். எனவே, குளிர்காலத்தில் அங்கே பின்னிரவு 2 மணி என்றால் நம் உடலுக்கு அது காலை 10 மணி. குழந்தை விழித்துக்கொண்டு விளையாட அழைப்பதில் வியப்பில்லை. சென்னைக்கும் நமக்கும் இரண்டரை மணி நேர வேறுபாடுதான். அது இரண்டு மூன்று நாட்களில் சரியாகிவிடும்.

பிறந்து இரண்டு மூன்று மாதம் வரை குழந்தைக்கு இரவு பகல் என்ற ஒழுங்கே முழுமையாக அமைவதில்லை. இரவில் தூக்கத்தைத் தூண்டும் மெலடோனின் என்ற ஹார்மோனை அதன் உடல் அதுவரை ஒழுங்காகச் சுரப்பதில்லை. கருவில் இருந்தபோது அதைத் தாயிடமிருந்து பெற்ற குழந்தை, பிறந்த பிறகு தாய்ப்பாலின் வழியே பெறுகிறது. இரவில் சுரக்கும் தாய்ப்பாலில் மெலடோனின் கூடுதலாகவும் பகலில் சுரக்கும் பாலில் மிகக் குறைவாகவும் இருக்கும். ஆகவே, தாயின் உடற்கடிகாரம் புதிய ஊருக்கு ஏற்ப மாறும்போது பாலும் அதற்கேற்ப மாறுகிறது. தாய் பகலில் வெளிச்சத்தில் நடமாடி, இரவில் விளக்கைக் குறைத்துப் படுத்தாலே குழந்தைக்குப் பாதி உதவி செய்தது போல.

எந்த நேரத்தில் கொடுப்பது?

கைக்கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், குழந்தையைப் பாருங்கள். தலையைத் திருப்பி மார்பைத் தேடுவது, கையை வாயில் வைத்துச் சப்புவது, உதட்டைச் சுழிப்பது இவையெல்லாம் பசியின் அறிகுறிகள். அழுகை கடைசியில் வருவது. அதுவரை காத்திருக்க வேண்டாம். பச்சிளங்குழந்தை 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை பால் குடிக்கும். எந்த ஊரில் இருந்தாலும் இந்தக் கணக்கு ஒன்றுதான். பயணக் களைப்பில் பச்சிளங்குழந்தை நெடுநேரம் தூங்கிவிட்டால் எழுப்பிப் பால் கொடுக்க வேண்டும்.

பால் போதுமா என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. பிறந்து ஐந்து நாளுக்கு மேற்பட்ட குழந்தை ஒரு நாளில் குறைந்தது ஆறு டயாப்பராவது நனைத்தால் அதற்குப் போதிய பால் கிடைக்கிறது எனலாம்.

பால் வற்றிவிடுமா?

குழந்தை குடிக்கக் குடிக்கப் பால் ஊறும். மார்பில் பால் நெடுநேரம் தேங்கி நின்றால், "போதும்" என்று உடல் தானாகவே சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். பயணம் பாலை வற்றச் செய்வதில்லை. பயணத்தில் பால் கொடுக்காமல் விடும் இடைவெளிதான் சுரப்பைக் குறைக்கிறது. அலைச்சலும் பதற்றமும் பால் இறங்குவதைச் சற்று நேரம் தாமதப்படுத்தலாம். குழந்தையை மார்போடு அணைத்து அமைதியாக உட்கார்ந்தால் பால் இறங்கிவிடும்.

"இரவில் ஒரு புட்டிப் பால் கொடு, பிள்ளை நன்றாகத் தூங்கும்" என்று வீட்டுப் பெரியவர்கள் அன்போடு சொல்வார்கள். அந்த ஒரு புட்டியால் மார்பு காலியாகாமல் நிற்கும். மறுநாள் சுரப்பு குறையும். பிறகு இரண்டாவது புட்டி தேவைப்படும். இப்படித்தான் பல வீடுகளில் தாய்ப்பால் நின்று போகிறது. பால் தேங்கினால் மார்பு கட்டி வலிக்கும். வலியோடு காய்ச்சலும் வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அப்போதும் பால் கொடுப்பதை நிறுத்தக் கூடாது.

விமானத்தில் கவனிக்க வேண்டியவை

விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் காற்றழுத்தம் மாறுவதால் குழந்தைக்குக் காது வலிக்கும். அந்த நேரத்தில் பால் குடித்தால், விழுங்கும் அசைவினால் காது திறந்து வலி தணியும். குழந்தைக்கான பாதுகாப்பு வாரைப் போட்டுக்கொண்டே பால் கொடுக்கலாம். முறையை விமானச் சிப்பந்தியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

விமானத்துக்குள் காற்று மிகவும் வறண்டிருக்கும். தாய்க்குத் தாகம் எடுக்கும். தாராளமாகத் தண்ணீர் குடிக்கலாம். ஆனால், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டாம். தாய்ப்பாலில் ஏறக்குறைய 87 விழுக்காடு தண்ணீர்தான். கூடுதலாகப் பால் கேட்டால் கொடுங்கள், அது போதும்.

இன்னோர் எச்சரிக்கை. குறுகிய இருக்கையில் குழந்தையை மார்பில் வைத்தபடியே தாய் உறங்கிவிட்டால் குழந்தைக்கு மூச்சுத் திணறும் ஆபத்து உண்டு. கண் சொக்கினால் குழந்தையைத் தொட்டிலில் கிடத்துங்கள், அல்லது விழித்திருக்கும் கணவரிடம் கொடுங்கள். தூங்க வைப்பதற்காகக் குழந்தைக்குச் சளி மருந்து கொடுப்பது கூடவே கூடாது. தாயும் மருத்துவரைக் கேட்காமல் தூக்க மாத்திரையோ மெலடோனின் மாத்திரையோ சாப்பிடக் கூடாது.

குழந்தையை விட்டுச் செல்லும் தாய்

வேலை நிமித்தம் தனியாகப் பயணம் செய்யும் தாய்மார்களும் உண்டு. இவர்களுக்கு மட்டும் கடிகாரம் தேவை. ஊர் நேரத்தைப் பார்த்துக் குழம்பாமல், கடைசியாகப் பால் எடுத்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று மட்டும் கணக்கிடுங்கள். மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை பம்ப் கொண்டோ கையாலோ பாலை எடுத்துவிட்டால் சுரப்பு குறையாது.

எடுத்த பாலை 25 பாகை செல்சியசுக்கு மேற்படாத அறையில் 4 மணி நேரம் வரை வைக்கலாம். ஐஸ் பொதியுடன் கூடிய குளிர்காப்புப் பையில் 24 மணி நேரமும், குளிர்பதனப் பெட்டியில் 4 நாளும் தாங்கும். உறைந்த பால் உருகிய பின் மீண்டும் உறைய வைக்கக் கூடாது. திரவப் பொருள்களைக் கையில் கொண்டு செல்வதற்கான விதிமுறை நாட்டுக்கு நாடு வேறுபடும். அமெரிக்காவில் குழந்தை உடன் வராவிட்டாலும் தாய்ப்பாலைக் கையில் கொண்டு செல்லலாம். மற்ற இடங்களில் முன்கூட்டியே விமான நிலையத்தில் விசாரித்துக்கொள்வது நல்லது.

போய்ச் சேர்ந்த பிறகு

முதல் வாரம் இரவு விழிப்பு இருக்கத்தான் செய்யும். பின்னிரவில் குழந்தை எழுந்தால் மங்கிய விளக்கில், பேச்சும் விளையாட்டும் இல்லாமல் பால் கொடுத்துப் படுக்க வையுங்கள். பகலில் திரைச்சீலையைத் திறந்து, வெளியே தூக்கிச் சென்று வெளிச்சம் காட்டுங்கள். லண்டனிலிருந்து நாடு திரும்பும்போது பயணம் கிழக்கு நோக்கி அமைவதால் உடல் பழகச் சற்றுக் கூடுதல் நாள் ஆகும். அதற்கும் இதே வழிதான். டயாப்பர் நனையாமல் இருந்தாலோ, குழந்தை சோர்ந்து பால் குடிக்க மறுத்தாலோ, மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 பாகை காய்ச்சல் இருந்தாலோ அதைப் பயணக் களைப்பு என்று விட்டுவிடாமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், அதன்பின் மற்ற உணவோடு சேர்த்து இரண்டு வயது வரையோ அதற்கு மேலுமோ என்று உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. ஆண்டுதோறும் ஆகஸ்டு முதல் வாரத்தில் உலகத் தாய்ப்பால் வாரத்தை ஒருங்கிணைக்கும் அமைப்பின் தலைமையகம் நம் பினாங்கில்தான் இருக்கிறது என்பது நமக்குப் பெருமை. வீட்டுப் பெரியவர்களுக்கும் கணவன்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள். புட்டியை நீட்டுவதைவிட, பால் குடித்து முடித்த குழந்தையை வாங்கித் தோளில் போட்டுத் தட்டிக்கொடுங்கள். அந்த நேரத்தில் தாய் கொஞ்சம் தூங்கட்டும். ஊர் மாறிய அந்த ஒரு வாரத்தில் தாய்க்கு வேண்டியது இந்தத் துணைதான்.