உதகையின் உறைபனி

உதகமண்டலத்தில் மார்கழி, தை மாத விடியற்காலைகளில் தலைக்குந்தாவின் புல்வெளிகளும் குதிரைப் பந்தய மைதானமும் வெண்மை பூண்டு நிற்பதைக் காண்பவர்கள், அது வானத்திலிருந்து பொழிந்த பனி என்றே பெரும்பாலும் எண்ணுகிறார்கள். உண்மையில் அங்கே எதுவும் பொழிவதில்லை. பகலில் சூரியனிடம் பெற்ற உஷ்ணத்தைப் பூமி இரவெல்லாம் கண்ணுக்குப் புலப்படாத கதிர்களாக ஆகாயத்தை நோக்கி இழந்துகொண்டேயிருக்க, அதில் ஒரு பகுதியையேனும் திருப்பி அனுப்ப மேகமும், மேலேயுள்ள சற்று வெப்பமான காற்றைக் கீழே கொணர்ந்து கலக்க அசைவும் இல்லாத இரவுகளில், புல்லின் நுனியும் மோட்டார் வண்டியின் கூரையும் சுற்றியுள்ள காற்றைவிட அதிகமாகக் குளிர்ந்து, பூஜ்யம் டிகிரிக்கும் கீழே இறங்கிவிடுகின்றன. அவற்றைத் தொடும் நீராவி, திரவ நிலையை அடையாமலே நேராகப் பனிப் படிகமாக மாறுகிறது. ஆகவே, ஆள் உயரத்தில் வைத்த வெப்பமானி 2 அல்லது 3 டிகிரி காட்டும்போதே புல்லில் உறைபனி படிந்திருப்பதில் ஆச்சரியமில்லை.

குளிர்ந்த காற்று கனமானதாகையால், சரிவுகளில் வழிந்து பள்ளங்களில் நீர்போலத் தேங்குகிறது. மேட்டுத் தோட்டம் பிழைத்திருக்க, தாழ்வான தோட்டத்துத் தேயிலைக் கொழுந்து கருகிப்போகும் பரிதாபம் இதனாலேயே நேர்கிறது. செடிகளின்மேல் தழை போர்த்துவது, உஷ்ணம் வெளியேறுவதைக் குறைக்கும் நல்ல உபாயம். மேகமும் காற்றும் அற்ற மாலைகளில், மலைநாட்டு நேயர்கள் தங்கள் நாற்றுகளை மூடிவைக்க மறவாதிருப்பார்களாக.