வெயிலுக்கு இதமாக, பார்க்க அழகாக: கர்ப்பிணிகளின் உடை

வயிறு தெரியத் தொடங்கியதும் நம் தோட்டத்துப் பெண்கள் சிலர் உடையை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொள்கிறார்கள். லயத்தில் நாலு பேர் கண்ணில் படக்கூடாதே என்ற கூச்சம் ஒரு பக்கம். பத்து மாதத்திற்காகப் புதுத் துணி எதற்கு என்ற சிக்கனம் மறு பக்கம். பிள்ளைகளை அழைத்துப் போகப் பள்ளி வாசலில் நிற்கும் இளம் தாய்மார்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது மனத்தை உறுத்தும்.

நம் நாட்டு வெயிலைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. 1998 ஏப்ரலில் பெர்லிஸ் மாநிலத்துச் சுப்பிங்கில் 40.1 பாகை செல்சியஸ் வரை ஏறியதும் உண்டு. இந்தச் சூட்டோடு, கர்ப்பிணியின் உடலில் ஓடும் இரத்தமும் ஏறக்குறையப் பாதியளவு கூடிவிடுகிறது. மற்றவர்களுக்கு இதமாக இருக்கும் நேரத்திலும் அவளுக்கு வியர்த்துக் கொட்டுவது வீண் பாசாங்கு அல்ல, மாமியார்களே!

பாலியஸ்டர் துணி துவைக்கச் சுலபம், பளபளக்கும். ஆனால் வியர்வையை உறிஞ்சாது. மார்புக்கு அடியிலும் தொடை இடுக்கிலும் வேர்க்குருவும் படையும் வருவதற்கு ஈரம் தங்குவதே காரணம். பருத்திதான் நல்லது. உள்ளாடையாவது கட்டாயம் பருத்தியாக இருக்கட்டும்.

பாவாடை நாடாவை வயிற்றின் நடுவே இறுக்காமல், வயிற்றுக்குக் கீழே தளர்வாகக் கட்டுங்கள். நாடாவுக்குப் பதில் அகலமான துணிப்பட்டை வைத்துத் தைத்தால் தடம் பதியாது. வீட்டில் கைலியும் தொளதொள சட்டையும் போதும். மலாய்ப் பெண்கள் உடுத்தும் பாஜு கெலாவார் இன்னும் வசதி. பாசார் மாலாமில் மலிவாகக் கிடைக்கிறது.

கிளினிக்கிற்கும் கோயிலுக்கும் போக நல்லதாக ஒன்று வேண்டுமல்லவா? 45 அங்குல அகலத் துணியில் 3 மீட்டர் வாங்குங்கள். பருத்தி சுருங்கும், ஒரு முறை நனைத்துக் காயவைத்த பிறகே வெட்ட வேண்டும். மார்புக்கு மேல் ஒரு பட்டி வைத்து, அதிலிருந்து சுருக்கம் விட்டுத் தைத்தால் வயிறு வளர இடம் கிடைக்கும். முன்பக்கத்தை மட்டும் 2 அங்குலம் நீளமாக விடுங்கள். வயிறு தூக்கும்போது முன் ஓரம் மேலேறிப் பார்க்க அசிங்கமாகிவிடும். தையல்காரர்கள் பலர் இதைக் கவனிப்பதில்லை. பக்கத் தையலில் ஓர் அங்குலம் உள்ளே மடித்து வைத்தால் பிறகு பிரித்துவிடலாம். முன்னால் பொத்தான் இருந்தால் பால் கொடுக்கும் காலத்திலும் அதே சட்டை உதவும். சின்னப் பூ, நெடுக்குக் கோடு எடுப்பாக இருக்கும். வளைகாப்புக்குப் பட்டுச் சேலை கட்டத்தான் வேண்டும். சடங்கு முடிந்ததும் மாற்றிவிடுங்கள்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு வீட்டுக்காரரின் பழைய முழுக்கைப் பருத்திச் சட்டையைவிட நல்லது வேறில்லை. வெயிலும் கொசுவும் அண்டாது. ஆனால் மருந்து அடிக்கும்போது அவர் போட்ட சட்டையை ஒருநாளும் தொடாதீர்கள். அந்தத் துணியை அவரே தனி வாளியில் அலசட்டும். பாரக்குவாட் மருந்துக்கு 2020இல் இந்நாட்டில் தடை வந்துவிட்டது என்றாலும் மற்ற மருந்துகளும் விஷம்தான்.

காலுக்குத் தட்டையான, பிடிப்புள்ள செருப்பு வேண்டும். தேய்ந்த சிலிப்பர் குளியலறையில் வழுக்கும். மாலையில் பாதம் சற்று வீங்குவது இயல்பு. அதனால் மெட்டியையும் மோதிரத்தையும் இறுகுவதற்கு முன்பே கழற்றி வையுங்கள். எடுத்தால் ஆகாது என்று பாட்டி சொன்னால், மஞ்சள் கயிறு கழுத்தில் இருக்கிறதே என்று பதில் சொல்லுங்கள்.

முகமும் கையும் திடீரென வீங்கி, தலைவலி மண்டையைப் பிளந்து, கண் மங்கினால் அது வெயில் கோளாறு அல்ல; இரத்த அழுத்தம் ஏறியிருக்கலாம். அடுத்த தேதி வரட்டும் என்று காத்திருக்காமல், இரவானாலும் லாரியோ காரோ பிடித்து உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மிஸ்ஸி கொடுத்த கர்ப்பப் பதிவுப் புத்தகத்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.