காதின்மேல் அமரும் கருவி

"மாமா, இவ்விரண்டில் எதை வாங்கலாம்?" என்று கேட்டுக்கொண்டே என் தமக்கையின் மகள் தன் கைப்பேசியை என்முன் நீட்டினாள். அதில் இரண்டு ஹெட்போன்களின் படங்கள் இருந்தன. இரண்டும் கம்பியில்லாதவை, காதைச் சூழ்ந்து மூடாமல் காதின்மேல் அமர்பவை. விலையிலும் பெரிய வேறுபாடு இல்லை. அவள் மயிலாப்பூரிலிருந்து அடையாற்றிலுள்ள கல்லூரிக்கு நாள்தோறும் பறக்கும் ரயிலில் செல்பவள். வழியில் பாடமும் பாட்டும் கேட்க அவளுக்கு அக்கருவி வேண்டியிருந்தது. எனக்கு உடனே விடை கூற இயலவில்லை. "இரண்டையும் காதில் வைத்துப் பார்த்த பிறகு சொல்கிறேன், அம்மா" என்றேன். அவளுடைய தோழியர் இருவரிடம் அவ்விருவகைக் கருவிகளும் இருந்தன. ஒருநாளைக்கு இரவல் பெற்று வந்தாள். அன்று நாங்கள் செய்த சோதனையைப் பற்றியே இப்போது உங்களிடம் பேசப் போகிறேன்.

காதில் கருவியை மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்பது இந்நகரத்துக்குப் புதிதன்று. அகில இந்திய வானொலி என்னும் பெயர் தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 1924ஆம் ஆண்டு மே 16ஆம் நாள், சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் சென்னை மாகாண வானொலிக் கழகம் நிறுவப்பெற்றது. அவ்வாண்டு ஜூலை 31ஆம் நாள் ஒலிபரப்பும் தொடங்கிற்று. பொருள் முட்டுப்பாட்டால் 1927 அக்டோபரில் அது நின்றுபோயிற்று. அதன் ஒலிபரப்பிக் கருவி மாநகராட்சியின் கைக்கு வந்து, 1930 ஏப்ரல் முதல் நாளிலிருந்து மாநகராட்சியே ஒலிபரப்பை நடத்தியது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் பிறந்தது 1938 ஜூன் 16ஆம் நாள்.

அந்தத் தொடக்கக் காலத்தில், உலகெங்கும், எளியோர் வாங்கக்கூடிய வானொலி படிக வானொலியே. அதில் மின்கலமும் இல்லை, வால்வும் இல்லை. கலீனா என்னும் ஈயத்தாதுப் படிகத்தின்மேல் மெல்லிய கம்பி முனை ஒன்று தொட்டுக்கொண்டிருக்கும். வானில் வந்த அலையிலுள்ள சிறிய ஆற்றலே ஒலியாக மாறவேண்டும். ஒலிபெருக்கியை இயக்க அவ்வாற்றல் போதாது. காதருகேயுள்ள மெல்லிய இரும்புத் தகட்டை அசைக்க மட்டுமே போதும். ஆதலால் அன்று காதுக்கருவி ஆடம்பரப் பொருளன்று. அஃது இல்லையேல் வானொலியே இல்லை. மேலைநாடுகளில் அதைக் கிண்ணத்துள் வைத்து, கிண்ணத்தைச் சுற்றிக் குடும்பமே குனிந்து அமர்ந்து கேட்டதும் உண்டு. அன்று ஒலி அரிதாக இருந்தது. அதைக் கேட்பதற்கேற்ற அமைதி எளிதாகக் கிடைத்தது. இன்று நிலைமை தலைகீழ். ஒலியை வேண்டுமளவு பெருக்கிக்கொள்ளலாம், அமைதிதான் கிடைப்பதில்லை. இன்றைய கருவியை மதிப்பிடப் புகுவோர் முதலில் நினைவில் கொள்ளவேண்டியது இந்த மாற்றத்தையே.

இக்கருவிகள் மூன்று வகைப்படும். காதின் துளைக்குள் செருகுவது ஒன்று. காது முழுவதையும் சூழ்ந்து மூடுவது மற்றொன்று. இடையே, காது மடலின்மேல் சிறு மெத்தையை அழுத்தி நிற்பது நாம் பேசுவது. இது கனமற்றது, மடித்துப் பையில் இடலாம், சென்னையின் வெப்பத்தில் காதைச் சுற்றி வேர்வை தேங்குவதும் குறைவு. 1979இல் சோனி நிறுவனம் வாக்மேனை வெளியிட்டபோது அதனுடன் வந்ததும் இவ்வகையே. ஆனால் காது மடல் மேடும் பள்ளமும் உடையது. தட்டையான மெத்தை அதன்மேல் அமரும்போது இடுக்குகள் உண்டாகும். அவ்விடுக்குகளின் வழியே தாழ்ந்த சுருதியொலிகள் வெளியே கசியும். வெளியிரைச்சல் உள்ளே புகும்.

இதை நீங்களே கண்டறியலாம். மிருதங்கத்தின் தொப்பியொலி நன்கு கேட்கும் ஒரு பாட்டை வைத்துக்கொண்டு, கருவியின் இரு பக்கங்களையும் உள்ளங்கையால் மெல்ல அழுத்துங்கள். தொப்பியின் கும்காரம் சட்டென்று பெருகினால், கருவி உங்கள் காதில் சரியாகப் பொருந்தவில்லை என்று பொருள். ஒரே கருவி ஒருவர் காதில் நன்கு அமரும். மற்றொருவர் காதில் அமராது. பிறர் எழுதிய புகழுரையை மட்டும் நம்பி இதை வாங்குதல் பிறர் செருப்பளவைக் கொண்டு செருப்பு வாங்குவது போன்றது.

முதற்சோதனையை மயிலாப்பூரில் எங்கள் வீட்டின் பின்கட்டில் நடத்தினோம். ஒரே படியில் வைத்தாலும் இரு கருவிகளும் ஒரே அளவு ஒலிப்பதில்லை. ஆகவே இரண்டும் காதுக்கு ஒத்த அளவில் கேட்குமாறு முதலில் அமைத்துக்கொண்டோம். கைப்பேசியிலுள்ள 15 படிகளில் முதற்கருவி ஐந்தாம் படியிலும், இரண்டாவது ஆறாம் படியிலும் நின்றன. அங்கே முதற்கருவியே சிறந்தது என்பதில் எங்கள் இருவருக்கும் ஐயமில்லை. தம்புராவின் நாதம் திறந்த வெளியில் கேட்பதுபோல் விரிந்தது. வயலினின் மேல்நாதங்கள் தெளிவாக இருந்தன. இரண்டாவது கருவி சற்றே மந்தமாக ஒலித்தது. அங்கேயே சோதனையை முடித்திருந்தால் தவறான பொருளை வாங்கியிருப்போம்.

பின்னர்த் திருமயிலை நிலையத்தில் ரயில் ஏறிக் கஸ்தூரிபா நகர் வரை சென்றோம். சக்கரங்களின் ஓசையும், திறந்த கதவுகளின் வழியே வரும் காற்றின் ஓசையும் பாட்டை விழுங்கின. சொற்கள் தெளிவாகக் கேட்கும்வரை அவள் ஒலியைக் கூட்டினாள். முதற்கருவி ஆறு படிகள் ஏறிற்று. இரண்டாவது மூன்றே படிகள் ஏறிற்று. மாலையில் தியாகராய நகர் சென்றோம். ரங்கநாதன் தெருவில் விலை கூவுவோர் குரலும் கூட்டத்தின் ஆரவாரமும் உங்களுக்குத் தெரியாதனவல்ல. அங்கே முதலாவது எட்டுப் படிகளும் இரண்டாவது ஐந்து படிகளும் ஏறின. 2000ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகள் வணிகப் பகுதிக்குப் பகலில் 65 டெசிபல் என்றும், குடியிருப்புப் பகுதிக்கு 55 டெசிபல் என்றும் வரம்பு விதித்துள்ளன. அந்த வரம்பு அத்தெருவுக்குள் எப்போதாவது எட்டிப் பார்த்ததுண்டா என்பது எனக்கு ஐயமே.

படிகள் ஏறுவதைப் பற்றி ஏன் இத்தனை கவலை என்று நீங்கள் கேட்கலாம். டெசிபல் என்பது நம் வழக்கமான கூட்டல் கணக்கில் அடங்காத அளவு. மூன்று டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் ஏறத்தாழ இருமடங்காகும். ஆகவே காது அதைத் தீங்கின்றித் தாங்கும் காலம் பாதியாகும். உலகச் சுகாதார நிறுவனம் 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம் என்று வரையறுத்துள்ளது. சிறுவர்க்கு அந்த 40 மணிக்கு 75 டெசிபலே எல்லை. 83 டெசிபலானால் 20 மணி. 86 ஆனால் 10 மணி. 89 ஆனால் 5 மணி. 92 ஆனால் இரண்டரை மணிதான். ஒரு படி எத்தனை டெசிபல் என்பது கைப்பேசிக்குக் கைப்பேசி மாறும். மூன்று என்று வைத்துக்கொண்டு கணக்கிடுங்கள். ரயிலில் எங்கள் இரு கருவிகளுக்கும் இடையே மூன்று படி வேறுபாடு இருந்தது. அதன்படி, முதற்கருவியைக் கேட்கத்தக்க காலம் இரண்டாவதைக் கேட்கத்தக்க காலத்தில் எட்டில் ஒரு பங்கே ஆகும்.

உட்செவியில் நத்தையோடு போன்ற எலும்புக்கூடு ஒன்று உண்டு. அதனுள் மெல்லிய மயிரிழைகளை உடைய உயிரணுக்கள், காதொன்றுக்கு ஏறத்தாழ 15,000, வரிசையாக அமைந்துள்ளன. மிகைஒலியால் அவை மடிந்தால் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. பெரும்பாலும் முதலில் கெடுவது உயர்ந்த சுருதிகளைக் கேட்கும் பகுதி. ஆதலால் கேடு தொடங்கியது நமக்கே தெரிவதில்லை. பேச்சு கேட்டுக்கொண்டிருக்கும், நாமும் நலமென்றே எண்ணிக்கொண்டிருப்போம்.

இதை நான் நூலில் படித்து மட்டும் சொல்லவில்லை. 1980களில் நான் கல்லூரி மாணவன். உறவினர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து வாக்மேன் ஒன்று கொணர்ந்து தந்தார். பேருந்தின் எஞ்சினுக்கு அருகே அமர்ந்து, எஞ்சினை வெல்லும் அளவுக்கு ஒலியைக் கூட்டி, நான்காண்டுகள் பாட்டுக் கேட்டேன். இன்று மார்கழிக் கச்சேரிகளில் வலப்புறம் திரும்பி அமர்ந்தால் எனக்கு ஜால்ராவின் ஒலி பாதிதான் கேட்கிறது. இடக்காதில் ஓயாத ஓர் இரைச்சலும் உண்டு. வயதும் ஒரு காரணமாகலாம் என்று மருத்துவர் கூறினார். வயது இரு காதுகளுக்கும் ஒன்றுதானே என்று கேட்டேன், அவர் சிரித்தார். அந்த வாக்மேனின் வலப்பக்கம் சற்றுப் பழுதுபட்டு மெல்ல ஒலிக்கும் என்பது பின்னரே என் நினைவுக்கு வந்தது.

இரைச்சலை நீக்கும் வசதி உடையது என்று சில கருவிகளை விளம்பரம் செய்கின்றனர். வெளியொலியைச் சிறு ஒலிவாங்கி பிடிக்கும். அதற்கு நேரெதிரான அலையைக் கருவி எழுப்பும். மேடும் பள்ளமும் கூடிச் சமமாகும். தத்துவம் உண்மையானதே. எஞ்சினின் சீரான முழக்கத்தை இது நன்கு தணிக்கும். சட்டென எழும் ஆரன் ஒலியையும் மனிதக் குரலையும் அவ்வளவாகத் தணிக்காது. மெத்தையே சரியாகப் பொருந்தாத கருவியில் இதன் பயன் மேலும் குறையும். முதற்கருவியில் இவ்வசதி இருந்தது, இரண்டாவதில் இல்லை. ஆயினும் ரயிலில் வென்றது இரண்டாவதே.

கம்பியில்லாத் தொடர்பைப் பற்றியும் சில சொற்கள். புளூடூத் என்பது பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த டென்மார்க் அரசர் ஹரால்டின் பட்டப்பெயர். அம்முறை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகிறது. வைஃபையும் அங்கேதான் உலவுகிறது. நெரிசலில் மோதாதிருக்க, புளூடூத் 79 வழிகளிடையே நொடிக்கு 1600 முறை வரை தாவித் தாவிச் செல்கிறது. ஒலியைச் சுருக்கி, அனுப்பி, விரிக்க நேரமாகிறது; நொடியில் பத்திலொரு பங்கோ இருபங்கோ பிந்துதல் இயல்பு. இருபங்கு என்றால், 68 மீட்டருக்கு அப்பால் வாசிக்கும் மிருதங்கம் நம்மை வந்தடையும் நேரம். படங்களைக் காட்டும் செயலிகள் படத்தையும் பிந்தச் செய்து இதை மறைத்துவிடும். ஆனால் கைப்பேசியிலுள்ள இசைப்பலகையை நீங்களே தட்டிப் பாருங்கள். விரல் பட்ட பிறகு நாதம் எழுவது தெரியும். இசை பயில்வோர் இதைச் சோதியாமல் வாங்கலாகாது.

இணையவழி வகுப்பில் நீங்கள் பேசத் தொடங்கியதும் பேராசிரியரின் குரல் பழைய தொலைபேசிக் குரலாக மாறுவதைக் கவனித்திருப்பீர்கள். ஒலி இருதிசையிலும் செல்ல வேண்டியிருப்பதால் பழைய முறை அதன் அகலத்தைக் குறுக்கிவிடுகிறது. இது கருவியின் பழுதன்று. எல்இ ஆடியோ என்னும் புதுமுறையில் இக்குறை பெரிதும் நீங்கும். ஆனால் கருவியிலும் கைப்பேசியிலும் அது அமைந்திருக்க வேண்டும்.

மின்கலம் எத்தனை மணி நேரம் உழைக்கும் என்பதில் எனக்கு அவ்வளவு அக்கறை இல்லை. இரவில் மின்னேற்றினால் தீர்ந்தது. அரைமணி நேரம் அணிந்திருந்தால் வலிக்கிறதா என்பதே முக்கியம். மூக்குக்கண்ணாடி அணிபவர்க்குக் கண்ணாடியின் காம்பைக் கருவி காதோடு சேர்த்து நசுக்கும். என் தமக்கை மகளுக்கு இரண்டாவது கருவி இருபதாவது நிமிடத்தில் வலித்தது. இறுகப் பிடிப்பதால்தான் அது இரைச்சலைத் தடுக்கிறது. அதனால்தான் வலிக்கவும் செய்கிறது. மெத்தையின்மேல் உள்ள செயற்கைத் தோல் நம் ஊர் வேர்வையில் உரிந்துவிடும். ஆதலின் மெத்தையைக் கழற்றி மாற்ற இயலுமா என்று பார்த்துக்கொள்ளவேண்டும்.

முடிவில் அவள் இரண்டாவதையே வாங்கினாள். தலைவளையத்தை இரண்டு நாள் சில புத்தகங்களின்மேல் மாட்டி வைத்துச் சற்றே தளர்த்திக்கொண்டாள். ரயிலில் ஒன்பதாம் படிக்கு மேல் போவதில்லை என்பது எங்களுக்குள் உடன்பாடு. நடைமேடையிலும் சாலையைக் கடக்கையிலும் அதைக் கழுத்தில் இறக்கிக்கொள்கிறாள். ஆறு மாதம் கழித்து மெத்தை உரியத் தொடங்கியபோது, ரிச்சி தெருவில் அதே அளவுள்ள மெத்தைகளைத் தேடிப் பிடித்தோம். பழையவற்றைவிடப் புதியவை நன்றாகவே பொருந்துகின்றன.