துருவுமுன் துருவுக

துருவுதல் என்னும் சொல்லுக்குத் துளைத்தல், தேடி ஆராய்தல் என இரு பொருளுண்டு. பின்னதே முன் நிகழவேண்டும் என்பதைக் கொட்டாஞ்சேனையிற் கற்றேன்.

ஆங்கு மாடிவீடொன்றில் வாழ்ந்த காலத்தில், புத்தகத் தட்டு மாட்டுதற்குச் சுவரைத் துளைத்தேன். உள்ளே சென்ற நீர்க்குழாய் உடைந்தது. கீழ்வீட்டுக்கு நீர் வடிந்து, தேர்வை எதிர்நோக்கியிருந்த மாணவன் ஒருவனின் பாடக்குறிப்புகள் கூழாயின. அவன் என்னைக் கடிந்திலன். அதுவே என்னைச் சுட்டது.

நீர்க்குழாய் வாய்க்கும் மின்னாளிக்கும் நேர் மேலும் கீழும் குழாயும் மின்கம்பியும் செல்வது பெருவழக்கு. குறுக்கே செல்வனவும் உள. வெள்ளவத்தைக் கடலோர அடுக்குமாடிகளுக்கு இன்னுமோர் இடருண்டு. கொங்கிறீற்று அமுக்கத்தை நன்கு தாங்கும்; இழுவையைத் தாங்குவது உள்ளிருக்கும் இரும்புக் கம்பியே. கம்பி வெளிப்படின் உப்புக்காற்றில் துருவேறும். துரு பருத்துக் கொங்கிறீற்றைப் பிளக்கும்.

ஆதலின் அன்பர்களே, முதலிற் கட்டட வரைபடத்தைக் கேளுங்கள். உலோகங்காட்டும் கருவியாற் சுவரைத் தடவுங்கள். பிளாஸ்டிக் குழாயை அது காட்டாது விடலாம். மின்னை நிறுத்துங்கள். துளைமுனை வன்பொருளில் இடறின், மேலும் அழுத்தாது இடம் மாறுங்கள்.

அம்மாணவனுக்கு ஐந்து இரவுகள் விழித்திருந்து குறிப்புகளை மீள எழுதிக் கொடுத்தேன். சுவரை ஆராயப் பத்து நிமிடம் போதுமாயிருந்தது.